அம்மாவுக்குக் கூலி எங்கே, ராணி?

விருதுநகர்
29.9.2024

அன்புள்ள ராணி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்திருப்பது கேட்டு நிம்மதி. உன் கடிதமும் விலைப்பட்டியலும் வியாழக்கிழமையே வந்துவிட்டன. தீபாவளி ஆர்டர் தொடங்கிவிட்டதால் அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. இன்று ஞாயிறு, சரக்குப் போடவில்லை. முழு நாளும் உனக்குத்தான்.

வேலையை விட்டுவிட்டுப் பலகாரக் கடை போடப் போகிறாயா! நல்லது செய்தாய். அந்த ஆபீஸைப் பற்றி நீ புலம்பியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பீரோ நிறையும். உன் அம்மாவின் கைமுறுக்கையும் பருப்புப்பொடியையும் ஊருக்கு விற்கலாம் என்று ஹாஸ்டலிலேயே சொன்னவள் நான். அதனால் இந்தக் கடிதத்தில் நான் எவ்வளவு சத்தம் போட்டாலும், வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

சத்தம் போடத்தான் போகிறேன். அந்த விலைப்பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், எள், கேஸ், கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 150 ரூபாய் என்று அழகாக எழுதியிருக்கிறாய். கால் கிலோ பாக்கெட் 60 ரூபாய், கிலோ 240. லாபம் 90 ரூபாய். கீழே ஒரு வரி: ‘நானும் அம்மாவும்தான் செய்கிறோம், கூலி கிடையாது.’

ராணி, அந்த ஒரு வரி உன் கடையை மூடிவிடும்.

கணக்கைப் பார். இரண்டு பேர் காலை முழுவதும் உட்கார்ந்து சுற்றிப் பொரித்தால் ஐந்து கிலோ கைமுறுக்கு வரும். சரிதானே? வெளியாள் வைத்தால் நாள் கூலி 500 என்றே வைத்துக்கொள். இரண்டு பேருக்கு அரை நாள், மொத்தம் 500 ரூபாய். கிலோவுக்கு 100 ஆயிற்று. உன் அடக்கவிலை 250, விற்பது 240. ஒவ்வொரு கிலோவுக்கும் 10 ரூபாயை நீயும் அம்மாவும் கையிலிருந்து போட்டு ஊருக்குப் பலகாரம் கொடுக்கிறீர்கள். உடைந்தது, கருகியது, ‘சாம்பிள் கொடு’ என்று கேட்டவர்கள், கடைக்காரருக்கு விடும் கமிஷன், அடுப்புத் தேய்மானம் இதிலெல்லாம் சேரவில்லை. இவற்றையும் போட்டுப் பார்த்தால் கிலோ 380க்குக் கீழே உன்னால் விற்க முடியாது.

‘இப்போதைக்குக் கூலி வேண்டாம், வியாபாரம் பெருகட்டும்’ என்று சொல்வாய். பெருகினால் என்ன ஆகும்? ஆர்டர் அதிகமாகும், நீங்கள் இருவரும் போதாது, ஆள் வைப்பாய். அந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலி உன் விலையில் இல்லை. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஏற்றாவிட்டால் ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும். நம் வெள்ளச்சி மதினி பொடி வியாபாரத்தை ஏன் நிறுத்தினாள் என்று உனக்குத் தெரியும். பொடியில் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. நாள் முழுக்க வறுத்து அரைத்துச் சலித்து, மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்குப் புருஷனிடம் கை நீட்டினாள். நல்ல வியாபாரம் ஓடும்போதே சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

மும்பையில் லிஜ்ஜத் அப்பளம் 1959இல் எப்படித் தொடங்கியது என்று நீயே எனக்கு ஒருமுறை எழுதினாய். ஏழு பெண்கள், கடன் வாங்கிய 80 ரூபாய், கிர்காவ் பக்கம் ஒரு மொட்டைமாடி. எல்லோரும் அந்த 80 ரூபாயைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அங்கே பெண்கள் மாவை வீட்டுக்கு வாங்கிப்போய்த் தேய்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எத்தனை கிலோ தேய்த்தார்களோ அதற்குக் கூலி. கூலியைக் கொடுத்த பிறகுதான் லாபக் கணக்கு. தேய்த்தவளே பங்காளி என்பதற்காக அவள் கூலியை யாரும் விட்டுவிடவில்லை.

இனி அம்மா விஷயம். இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு 74 வயது. கைமுறுக்கு சுற்றுவது என்ன வேலை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஈர அரிசியை இடித்துச் சலித்த மாவில் வறுத்தரைத்த உளுந்து மாவைச் சேர்த்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்து, விரல் நுனியில் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் போட வேண்டும். அம்மா ஐந்து சுற்று போடும்போது முறுக்கின் வரி ஓர் இடத்திலும் தளராது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது பார்த்தேன், நாலைந்து முறுக்கு சுற்றியதும் மணிக்கட்டை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். கேட்டால், ‘ஒண்ணுமில்லை, வாயுப் பிடிப்பு’ என்றாள். நீ அதைக் கவனித்தாயா?

அந்த மணிக்கட்டை நம்பி ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாய். 3 லட்ச ரூபாய் மெஷின் வாங்க வளையலை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மெஷின் அச்சு முறுக்குதான் பிழியும். அது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, உன்னைவிட மலிவாகவும் கிடைக்கும். உன்னிடம் தேடி வாங்கப் போவது அம்மாவின் கைமுறுக்கை. அதற்கு மெஷின் எதற்கு? அதைக் கற்றுக்கொள்ள இரண்டு கைகள்தான் வேண்டும்.

ஆகவே வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் வேலை தேடும் இரண்டு பெண்களைப் பிடி. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, சொல்லிக்கொடுக்கச் சொல். சொல்லிக்கொடுப்பதற்கு அம்மாவுக்கு மாதச் சம்பளம் போடு. விலைப்பட்டியலில் முதல் வரியாக அதை எழுது. அம்மா வாங்க மாட்டாள், ‘பெத்த பிள்ளைகிட்ட கூலியா’ என்று சண்டைக்கு வருவாள். வரட்டும். அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதில் போட்டுவிடு. வாழ்நாள் முழுக்க அந்தக் கைக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை ராணி. உன் கடையிலாவது கொடு.

அப்புறம், அம்மாவின் அளவுகளை நிறுத்து எழுது. ஓமம் ‘ஒரு பிடி’, உப்பு ‘கண் பார்த்து’ என்றால் உன் மகள்கூட அந்த ருசியைக் கொண்டுவர முடியாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கு. அம்மா கையில் அள்ளியதும் பாத்திரத்தில் போட விடாமல் தராசுத் தட்டில் போடச் சொல், எத்தனை கிராம் என்று எழுது, பிறகு மாவில் சேர். ஒரே நாள் எழுதினால் போதாது. புது அரிசி தண்ணீர் இழுப்பது வேறு, பழைய அரிசி வேறு. அம்மா அதைக் கையாலேயே சரிசெய்துவிடுவாள், அவளுக்கே தெரியாது. பல நாள் எழுதினால் அந்த ஏற்ற இறக்கம் பிடிபடும்.

எண்ணெய்க்கு வருகிறேன். உன் பட்டியலில் இருப்பது ஆகஸ்ட் விலை. செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு இறக்குமதி எண்ணெய்க்கு வரியை ஏற்றிவிட்டது. கச்சா பாமாயில், சூரியகாந்தி, சோயா மூன்றுக்கும் செஸ் எல்லாம் சேர்த்து 5.5 சதவீதம் இருந்தது 27.5 ஆகிவிட்டது. இங்கே மார்க்கெட்டில் டின் விலை மறுவாரமே தாவியது. ஒரு கிலோ முறுக்கில் ஏறத்தாழ கால் கிலோ எண்ணெய்தான், அதனால் அந்த அடி நேராக நம் மேல்தான் விழும். 2022இல் உக்ரைன் போர் வந்து சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தி, மே மாதம்தான் திறந்தது. எங்கேயோ ஒரு துறைமுகம் மூடினால் உன் வாணலி காய்வது கஷ்டம். அதனால் விலையைக் கவரில் ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிடாதே. இடம் விட்டு அச்சடி, விலையும் தேதியும் பேட்ச் எண்ணும் முத்திரை குத்திக்கொள்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதே. கெட்டுப்போன எண்ணெயில் சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. மீட்டர் இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும்: நிறம் கறுக்கும், நுரை அடங்காது, சூடேறும் முன்னே புகையும். கொட்டும் எண்ணெயும் செலவுதான், அதையும் பட்டியலில் ஏற்று.

பாக்கெட் போடுவதில் அவசரம் கூடாது. முறுக்கு நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். வெதுவெதுப்பாகக் கட்டினால் கவருக்குள் வேர்த்து நமத்துவிடும். கண்ணாடிக் கவர் பார்க்க அழகு. ஆனால் வெளிச்சம் பட்டால் எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரம் காறிவிடும். உள்ளே அலுமினியப் படலம் உள்ள கவர் விலை கூடுதல், இருந்தாலும் அதையே வாங்கு. எத்தனை நாள் தாங்கும் என்று வாய்க்கு வந்ததைப் போடாதே. ஒரே நாளில் செய்ததில் பத்துப் பன்னிரண்டு பாக்கெட்டுகளைத் தேதி எழுதி எடுத்து வை, வாரத்துக்கு ஒன்றைப் பிரி, முதலில் மோந்து பார், அப்புறம் கடித்துப் பார். காறல் எந்த வாரம் தெரிகிறதோ, அதற்கு நன்றாக முன்னாலேயே உன் தேதி முடிய வேண்டும். சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டுமென்றால் தஞ்சாவூர் உணவுப் பதப்படுத்தும் தேசிய நிறுவனத்தில் செய்து தருகிறார்கள், பயிற்சியும் உண்டு.

லைசென்ஸ் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறாய், அது சுலபம். வருஷ விற்பனை 12 லட்சம் வரை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய், ஆன்லைனில் நீயே போட்டுவிடலாம். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் கதவைச் சாத்து. 14 இலக்க எண் வரும், அது கவரில் இருக்க வேண்டும். பச்சைப் புள்ளி, எடை, முகவரி, சேர்மானங்கள் எல்லாம் போடுவாய். வெண்ணெய் சேர்ப்பதால் பால் பொருள் உண்டு என்று தனியாகவும் போடு, பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடைகளுக்கு இறக்குவதுதான் எனக்கு இன்னொரு கவலை. இங்கே ஒரு பெரிய கடை எங்களிடம் சேவு வாங்கியது. சரக்கு இறங்கும்போது சிரிப்பு, பணம் கேட்கப் போனால் ‘அடுத்த வாரம் வாங்க’. விற்காத பாக்கெட்டுகளை உடைசலாகத் திருப்பி அனுப்பிவிட்டு அதற்கும் பிடித்துக்கொண்டார்கள். நீ முதலில் ‘உதயம்’ என்ற சிறுதொழில் பதிவை அரசிடம் செய்துவிடு, கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இந்த ஆண்டிலிருந்து, அப்படிக் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்பதால் பெரிய கடைகள் கொஞ்சம் பயப்படுகின்றன. சட்டம் இருக்கட்டும், முதல் வருஷம் கடைப்பக்கமே போகாதே. உன் குடியிருப்பில் எத்தனை வீடுகள்! அண்ணன் ஆபீஸ் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, செய்ய முடிந்த அளவுக்கு மட்டும் ஆர்டர் எடு. தெரிந்தவரிடம் முன்பணம் கேட்க உனக்குக் கூச்சம் வரும். கேள். பால்காரருக்கு யாராவது கடன் சொல்கிறார்களா?

பின்னால் கடன் வேண்டியிருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரி. உணவுக் குறுந்தொழில்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். ஆனால் மானியம் கைக்கு வராது, வங்கிக் கடன் கணக்கில்தான் ஏறும். உன் பங்காகப் பத்து சதவீதம் போட வேண்டும். ஒரு வருஷக் கணக்குப் புத்தகம் கையில் இருந்தால் மேனேஜர் உன்னோடு பேசும் தோரணையே மாறும். அதற்கு முன்னால் போகாதே.

கடை வாடகை ஒப்பந்தத்தில் பத்தாம் தேதி கையெழுத்து என்று எழுதியிருக்கிறாய். தீபாவளி கழியட்டும் என்று அவர்களிடம் சொல். அந்த இடம் போனால் வேறு இடம் கிடைக்கும்.

விலைப்பட்டியலைத் திருத்தி எழுதி அனுப்பு. போட்டோ வேண்டாம், எனக்குக் கண் தெரியவில்லை, தாளில் எழுது. அம்மா வரி முதலில் வர வேண்டும், சொல்லிவிட்டேன். மூன்று பாக்கெட் முறுக்கும் கூரியரில் அனுப்பிவை, உடையாமல் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். காசு அனுப்பிவிடுகிறேன், புது விலைக்கே.

அன்புடன்,
செல்வி

பி.கு.: அம்மாவை மணிக்கட்டுக்கு டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிப் போ. என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு, கடிதத்துக்குக் காத்திருக்காதே.