செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது ரயில் ஆர்வலர் சங்கத்தின் விதிகளின்படி பொதுக்குழுவின் முன் வைக்க வேண்டிய ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. நீலகிரி மலை ரயில் பயணம் மழையால் ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் நடந்தது. சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்திற்குச் சென்று வந்தோம். மாதிரி ரயில் கண்காட்சி வழக்கம்போல் நடைபெற்றது. செய்திமடலின் இரண்டு இதழ்கள் வெளிவந்தன. மூன்றாவது இதழுக்கு யாரும் எழுதித் தரவில்லை. இவற்றின் விவரங்கள் நடவடிக்கைப் புத்தகத்தில் உள்ளன.

இவ்வாண்டு நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு, நமது மூத்த உறுப்பினரின் மறைவு. லோகோ லிவரி, அதாவது என்ஜினின் வண்ண அமைப்பு, பற்றி எந்தச் சந்தேகம் எழுந்தாலும் கூட்டத்தில் நாம் அனைவரும் யார் முகத்தைத் திரும்பிப் பார்ப்போமோ, அவரைத்தான் சொல்கிறேன். அச்சில் பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே அதைத் தவிர்த்திருக்கிறேன். இந்த அவைக்கு அவர் யாரென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓர் என்ஜினின் நிறத்தைத் தேதி இல்லாமல் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. புதிய உறுப்பினர் ஒருவர் சிவப்பு நிற டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜின் மாதிரி ஒன்றைப் பெருமையுடன் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, அவர் அதைக் கையில் எடுத்து நெடுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த வண்டி இந்தச் சிவப்பில் ஓடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஷெட்டில், எந்த வருஷம் ஓடியது என்று நீங்கள் சொல்லுங்கள்” என்றார். அந்தத் தம்பிக்கு அன்று வருத்தம்தான். ஆயினும் டீசல் காலத்தில் என்ஜின்களைப் பராமரிக்கும் ஒவ்வொரு ஷெட்டும் தனக்கென ஒரு வண்ண அமைப்பை வைத்திருந்தது என்பதையும், ஒரு ஷெட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட வண்டி அடுத்த பி.ஓ.எச். (குறித்த கால இடைவெளியில் நடக்கும் முழுப் பராமரிப்பு) வரையில் பழைய ஷெட்டின் நிறத்திலேயே புதிய ஷெட்டின் பெயரோடு ஓடக்கூடும் என்பதையும் அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். என்ஜின் உடலில் எழுதியிருக்கும் பி.ஓ.எச். தேதியை முதலில் படம் பிடியுங்கள், முழு வண்டியைப் பிறகு எடுக்கலாம் என்று அவர் சொல்வது வழக்கம். வண்ணம் பூசி எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியாமல் அந்த வண்ணத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, ஏனென்றால் நம் வெயிலில் சிவப்பு விரைவிலேயே மங்கி, பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் கீழ்ப்பகுதி முழுவதையும் பழுப்பாக்கிவிடும் என்பார்.

நிறங்களுக்கு அவர் பேச்சில் பெரும்பாலும் எண்கள்தான். ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தர அட்டவணையில் 537 என்பது சிக்னல் சிவப்பு, 538 என்பது அஞ்சலகச் சிவப்பு. இவ்விரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்லக்கூடியவராக நான் அறிந்தவர் அவர் ஒருவரே. நம்மில் பலர் இரண்டையும் ‘சிவப்பு’ என்று முடித்துவிடுவோம். நானும் இதை ஒரு வேண்டாத நுணுக்கம் என்று நினைத்ததுண்டு. அவர் விட்டுச் சென்ற குறிப்பு அட்டைகளை வரிசைப்படுத்திய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பழைய புகைப்படங்களை அவர் படித்த முறையைச் சற்று விரிவாகவே பதிவுசெய்ய விரும்புகிறேன், ஏனெனில் அதை முழுமையாகக் கற்றுக்கொண்டவர் நம் சங்கத்தில் இப்போது யாருமில்லை. நீராவிக் காலத்தின் கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு ‘என்ஜின் கறுப்பு’ என்று நாம் எழுதிவிடுகிறோம். அக்காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. ஆகவே செந்நிற என்ஜின் அதில் கறுப்பாகவும், நீல நிற என்ஜின் உண்மையைவிட வெளுப்பாகவும் பதிவாகும். படச்சுருள் எந்த வகை என்று உறுதியாகும்வரை அவர் நிறத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. 1947இல் பால்ட்வின் நிறுவனம் கட்டி அனுப்பிய முதல் டபிள்யூ.பி. நீராவி என்ஜின்களின் படங்களைக் காட்டினால், எல்லாரும் அந்தத் தோட்டா மூக்கையும் அதன்மேலிருக்கும் நட்சத்திரத்தையும் வியந்துகொண்டிருக்கும்போது, அவர் மட்டும் நிழல் விழுந்த பகுதிகளையும் எண் பலகையையும் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்ணப் படங்களில் வேறு சிக்கல். பழைய வண்ண ஸ்லைடுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் அழிந்து, படம் முழுவதும் இளஞ்சிவப்பாகச் சாய்ந்துவிடும். கோடாக்குரோம் என்ற வகைச் சுருள் மட்டும் இருட்டில் வைத்தால் நெடுங்காலம் தாங்கும். சாய்ந்த படத்திலிருந்து என்ஜினின் நிறத்தை எப்படி மீட்பது? அவர் கண்ட வழி எளியது. படத்திற்குள் ரயில் நிலையப் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று தேடுவார். மஞ்சளில் கறுப்பு எழுத்து என்பது நாடு முழுவதற்கும் பொது. அந்த மஞ்சள் படத்தில் எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவை என்ஜினின் நிறத்திலிருந்தும் கழித்துப் பார்க்க வேண்டும். பலகை இல்லாத படங்களை அவர் ‘சாட்சி இல்லாதவை’ என்று தனிப் பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டிதான் மிகப் பெரியது.

பெட்டிகளின் நிறத்திலும் அவர் காரணம் தேடியவர். அரக்கு நிறப் பெட்டிகள் 1990களில் நீலத்திற்கு மாறியதை நாம் ரசனை மாற்றமாகப் பேசிக்கொண்டிருந்தோம். வேக்குவம் பிரேக்கிலிருந்து ஏர் பிரேக்கிற்கு மாறிய பெட்டிகளை யார்டில் பார்த்தவுடன் அடையாளம் காண அந்த நீலம் உதவியது என்று அவர் விளக்கிய பிறகுதான் அப்பேச்சு நின்றது. மாதிரி ரயில் செய்வோருக்கும் அவர் விட்டுச் சென்ற பாடம் ஒன்றுண்டு. 1:87 அளவில் நமது 1676 மி.மீ. அகலப்பாதை 19 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டியிருக்க, கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறோமே என்று ஆண்டுதோறும் சண்டையிடும் உறுப்பினர்கள், அசல் டப்பாவிலிருந்து அப்படியே பூசிய வண்ணம் சிறிய பொருளின்மேல் அடர்ந்து தெரியும் என்பதையும், சிறிது வெள்ளை கலந்தால்தான் கண்ணுக்குச் சரியாக வரும் என்பதையும் காதில் வாங்கியதில்லை.

விளம்பரப் படலம் ஒட்டிய என்ஜின்களைப் பற்றி அவருக்கும் எனக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. டீத்தூள் விளம்பரமெல்லாம் லிவரி ஆகாது என்பது என் கருத்து. எது மிகக் குறைந்த காலம் நிற்கிறதோ அதைத்தான் முதலில் எழுதிவைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ராயபுரம் ஷெட்டின் வெள்ளை உடலும் சிவப்புப் பட்டையும் கொண்ட டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார வண்டிகள் நாளையும் நம் முன்னால் வந்து நிற்கும், விளம்பரம் உரிந்த வண்டி திரும்பி வராது என்றார். அவருடைய அட்டைகளில் விளம்பர வண்டிகளும் முறையாக இடம்பெற்றிருக்கின்றன. நான் அவற்றை நீக்கவில்லை.

இனி அந்த அட்டைகளைப் பற்றி. அவருடைய குறிப்பு அட்டைகள், ஸ்லைடுப் பெட்டிகள், வண்ணம் பூசிப் பார்த்த தகடுகள், இரவல் கொடுத்தவற்றைக் குறித்துவைத்த ஒரு நோட்டு ஆகியவற்றைக் குடும்பத்தார் மனமுவந்து சங்கத்திடம் ஒப்படைத்தனர். இவற்றை வைக்க இரும்பு அலமாரி ஒன்று வாங்கியதும், ஸ்லைடுகளை ஸ்கேன் செய்யப் பொது நிதியிலிருந்து ஒரு தொகை எடுத்ததும், அதன் விளைவாகச் சுற்றுலா மானியம் குறைந்ததும் உறுப்பினர் சிலரிடையே முணுமுணுப்பை ஏற்படுத்தியிருப்பதாக அறிகிறேன். இந்தச் செலவு செயற்குழுவில் வைக்கப்பட்டு, வந்திருந்தோரால் ஒருமனதாக ஏற்கப்பட்டது. வராதிருந்தோரின் கருத்தை அன்று கேட்க வழியில்லாமல் போனது.

கேள்வி எழுந்துவிட்டதால் விளக்கம் தருவது என் கடமை. நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்லைடு பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய அலமாரி ஆடம்பரம் ஆகாது. கோடாக்குரோம் அல்லாதவற்றை முதலில் ஸ்கேன் செய்வதற்குக் காரணம், அவற்றின் சாயம் நாம் முடிவெடுக்கும்வரை காத்திருக்காது என்பதே. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அதன் அட்டையின் எண்ணையே கோப்பின் பெயராக வைத்திருக்கிறேன். அட்டையில் வகை, எண், ஷெட், பி.ஓ.எச். தேதி, படம் எடுத்த நாள், எந்த வெளிச்சம், எந்தச் சுருள், நிறத்திற்கான ஐ.எஸ். எண் என்று எல்லாம் இருக்கின்றன. அந்த அட்டையிலிருந்து பிரிந்துவிட்டால் ஸ்லைடு வெறும் அழகிய படம் மட்டுமே. ‘படங்களை மட்டும் ஸ்கேன் செய்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே’ என்று ஆலோசனை சொன்ன நண்பர்கள் இதைக் கருத்தில்கொள்ள வேண்டுகிறேன்.

வேலை எவ்வளவு முடிந்தது என்றால், அகலப்பாதை மின்சார லோகோக்கள் ஏறத்தாழ முடிந்துவிட்டன. டீசல் பகுதி பாதியில் நிற்கிறது. அகலப்பாதையைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் பாதையின் பகுதியைத் தொடவே இல்லை. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. அவருடைய நினைவுக் கூட்டத்திற்கு நாற்காலிகள் போதாமல் பலர் நின்றார்கள், பேசியவர்கள் அனைவரும் அவர் பணியைத் தொடர்வதாக உறுதி கூறினார்கள். அட்டைகளைப் பிரித்து எண்ணிடும் வேலைக்கென அறிவித்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலிகளைப் பெரும்பாலும் நானே விரித்து நானே மடக்கி வைத்தேன். தவறாமல் வந்த இரண்டு இளைய உறுப்பினர்களுக்கு என் நன்றி. அவர்களில் ஒருவர்தான் அந்தச் சிவப்பு டபிள்யூ.டி.எம்.-2 மாதிரியைக் கொண்டுவந்தவர்.

கணக்கு விவரம் வருமாறு. வரவும் செலவும் சென்ற ஆண்டையொட்டியே இருந்தன. கையிருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. தணிக்கை முடிந்ததும் பொருளாளர் முழு அறிக்கையைச் சுற்றுக்கு விடுவார். சந்தா மட்டும் கவலை தருகிறது. இவ்வாண்டு சந்தா வரவு ஏன் இவ்வளவு குறைந்தது என்று பழைய ரசீதுப் புத்தகங்களைப் பொருளாளர் புரட்டிப் பார்த்தபோது, உறுப்பினர் சிலரின் சந்தாவைப் பல ஆண்டுகளாக மறைந்த நண்பரே தம் கையிலிருந்து கட்டி வந்திருப்பது தெரியவந்தது. அவர்களில் இளைஞர்களும் உண்டு, வசதியானவர்களும் உண்டு. சம்பந்தப்பட்டவர்களில் சிலருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்பதால் பெயர்களைப் படிக்கவில்லை. இனி அந்த வழியில் வரவு இராது என்பதை மட்டும் பொதுக்குழுவின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். நிலுவை வைத்திருப்போருக்கு வாக்குரிமை இல்லை என்ற விதியை இதுவரை நாம் கண்டிப்பாகப் பின்பற்றியதில்லை. அதற்கும் அவருடைய பரிந்துரையே காரணமாக இருந்தது.

கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், அனுமதி வழங்கிய ரயில்வே அதிகாரிகளுக்கும், தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், செய்திமடலை அச்சிட்டவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் மீட்டர் கேஜ் பகுதியைத் தொடங்க வேண்டும். பொன்மலை ஷெட்டின் ஒய்.டி.எம்.-4 டீசல் என்ஜின் அட்டைகள் முழுமையாக உள்ளன. 1931இல் மின்மயமாகி, 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் சேவை ஓய்ந்த சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடிய ஒய்.ஏ.எம்.-1 மின்சார லோகோக்களுக்கும் அட்டைகள் உள்ளன, ஸ்லைடுகள் இல்லை. அவை தொலைந்துவிடவில்லை. அவருடைய இரவல் நோட்டில் யார் எடுத்துச் சென்றார், எந்தத் தேதியில், எந்தப் பெட்டி என்பது அவருடைய வழக்கமான துல்லியத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த நோட்டையும் இங்கே படிக்கப் போவதில்லை. அலமாரி ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் திறந்திருக்கும். பெட்டியைக் கொண்டுவந்து வைப்பவரிடம் எவ்விதக் கேள்வியும் கேட்கப்படாது.

செயலாளர் பதவிக்கான தேர்தல் இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ளது. உடல்நிலையையும் வீட்டுப் பொறுப்புகளையும் கருதி நான் விலகிக்கொள்ள விரும்புகிறேன் என்பதைச் செயற்குழுவிடம் ஏற்கெனவே தெரிவித்திருக்கிறேன். போட்டியிட விரும்புவோர் முன்வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுள்ளவராகவும், 537க்கும் 538க்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளப் பொறுமையுள்ளவராகவும் இருந்தால் அலமாரியின் சாவியை இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். எவரும் முன்வராத நிலையில் பொதுக்குழு என்னையே தொடரச் சொல்லுமானால், ஸ்கேன் செலவுக்கென இவ்வாண்டைப் போலவே ஒரு தொகையை ஒதுக்கும் தீர்மானத்தையும் அதனுடன் சேர்த்தே நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்