அந்தப் பெண்ணுக்குத் திரும்ப ஒரு போன் போடு

அன்புள்ள கயலுக்கு,

வேலை விஷயமாக உனக்கு போன் போட்ட கன்சல்டன்சிப் பெண், ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வேறு வேறு புரோகிராமிங் மொழிகள் என்றுகூடத் தெரியாமல் கேள்வி கேட்டாள் என்று நேற்று அவ்வளவு கோபப்பட்டாய். கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியில் பதினாறு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயம்தான். கம்பெனி அனுப்பும் வார்த்தைகளை அப்படியே நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டுத் தேடுவோம். ஒரு பையன் ரெஸ்யூமில் 'போஸ்ட்கிரெஸ்' என்று மட்டும் எழுதியிருந்தான். கேட்டது டேட்டாபேஸில் தகவல் எடுக்க எழுதும் மொழியான எஸ்.க்யூ.எல்., அது இல்லையே என்று ஒதுக்கிவிட்டேன். போஸ்ட்கிரெஸ் என்பதே அந்த மொழியில் இயங்கும் ஒரு டேட்டாபேஸ், அது தெரிந்தவனுக்கு எஸ்.க்யூ.எல். தெரியாமல் இருக்காது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கூப்பிட்டபோது அவன் வேறு இடத்தில் சேர்ந்திருந்தான். இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் காசு விஷயம். ஆள் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பணம். பெரும்பாலும் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 90 நாளுக்குள் ஆள் விலகினால் வேறு ஆள் தர வேண்டும். எடுத்தவுடன் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இப்போது என்ன சம்பளம் என்று கேட்பது அதனால்தான். பணம் கொடுப்பது கம்பெனி. உன்னிடம் யாராவது கேட்டால் அந்த நிமிஷமே போனை வைத்துவிடு.

ஆனால் திண்டுக்கல் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். குழந்தை பிறந்து இரண்டு வருடம் வேலையில் இல்லை. அந்த இடைவெளியைப் பார்த்ததுமே மேனேஜர் ரெஸ்யூமைத் தள்ளி வைத்தார். "பத்து நிமிஷம் பேசிப் பாருங்க சார், பிடிக்கலைன்னா இனி நான் கேட்க மாட்டேன்" என்று மன்றாடினேன். பேசினார், எடுத்துக்கொண்டார். அவளுக்காக வாய்விட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, கயல். எந்த மென்பொருளும் அதைச் செய்திருக்காது.

ஒன்று மட்டும் கவனம். எந்தக் கம்பெனி என்று சொல்லாமல் உன் ரெஸ்யூமை அனுப்ப விடாதே. இரண்டு கன்சல்டன்சி ஒரே இடத்துக்கு அனுப்பினால் கமிஷன் யாருக்கு என்ற தகராறு வரும். சில கம்பெனிகள் உன்னையே கழித்துவிடும். பட்ஜெட் என்ன, அந்த இடம் ஏன் காலியானது என்றும் கேள். நல்ல ரெக்ரூட்டர் விசாரித்தாவது சொல்வார்.

நாளைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, உனக்கு எது தெரியும், எது தெரியாது என்று பொறுமையாகச் சொல். பதினொரு மணிக்கு மேல் கூப்பிடு. அதுவரை அவளுக்கு டார்கெட் மீட்டிங் இருக்கும்.

அம்மா