ஏரிக்கரைக் கூடுகளை எழுதுவது பற்றி

அன்புள்ள குமரேசா,

கடிதமும் கட்டுரையும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதில் நிம்மதி. ஏரிக்கரைப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை எழுத எடுத்திருக்கிறாய். நல்ல விஷயம், அதனால் கறாராகவே சொல்கிறேன்.

"அன்பான ஆண் குருவி துணைக்காக அழகிய மாளிகை கட்டுகிறது" என்று தொடங்குகிறாய். இதில் கண்ணால் பார்த்தது எவ்வளவு? ஆண் கட்டுகிறது, அவ்வளவுதான். கூடு பாதி முடிந்து தலைக்கவசம்போல் இருக்கும்போதே பெண் வந்து சோதிக்கும். பிடித்தால்தான் ஆண் நுழைவுக் குழாயை நீட்டி முடிக்கும். பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுபோகும். ஒரு பெண் குடியேறியதும் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். 1930 வாக்கில் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கிராமத்தில் பறவையியலாளர் சாலிம் அலி ஒரே கூட்டத்தைத் தொடர்ந்து பார்த்துக் குறித்துவந்ததால்தான் இது தெளிவானது. "அன்பான" என்ற சொல்லை அடித்துவிடு. "அழகிய" என்பதும் வேண்டாம், அதன் இடத்தில் வினையை வை: ஓலை விளிம்பில் அலகால் வெட்டுகிறது, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கிறது, அந்த வேகத்தில் நார் நீளமாகக் கிழிந்து வருகிறது. வாசகருக்கு இதுவே போதும்.

மின்மினியைக் களிமண்ணில் பதித்து விளக்கேற்றும் என்றும் எழுதியிருக்கிறாய். ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று எழுது, நேரில் கண்டதுபோல் எழுதாதே. ஈரமண்ணைக் கொண்டுவந்து பாதிக்கூட்டின் உட்புறம் அப்புவது உண்மை, பார்க்கவும் முடியும். ஏன் அப்புகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. காற்றில் ஆடாமலிருக்க என்று ஒன்றை மட்டும் முடிவாகச் சொல்லிவிடாதே.

இந்தக் குழப்பம் வராமலிருக்கக் குறிப்பேட்டிலேயே இரண்டையும் பிரித்துவிடு. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நீ ஊகித்தது. தலைப்பில் தேதி, நேரம், இடம், வானம், காற்றின் திசை. பென்சிலே நல்லது, மழைத்துளி பட்டால் மை கரையும். அங்கேயே குறித்துக்கொள், வீட்டுக்கு வந்தபின் எழுதினால், படித்தது பார்த்ததோடு கலந்துவிடும். கூடுகளுக்கு எண் போட்டு மரத்தைப் படமாக வரைந்துகொள். எந்தக் கூடு எந்த நிலையில் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் குறி. தலைக்கவச நிலைக்கு வர எட்டு நாள், முழுக்கூட்டுக்குச் சுமார் 18 நாள் ஆகும் என்பதால் மூன்று வாரமாவது பார்த்தாக வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x40 தொலைநோக்கி இருந்தால் 30 மீட்டர் தள்ளியே உட்காரலாம். பக்கத்தில் போனால் அவை எச்சரிக்கைக் குரல் எழுப்பும். அப்போது நீ எழுதுவது உன்னைப் பார்த்து மிரண்ட குருவியைப் பற்றியதாகிவிடும்.

இன்னொன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் மஞ்சள் உச்சந்தலை நன்றாகத் தெரியும். மற்ற மாதங்களில் ஆண், பெண் இரண்டும் பெண் சிட்டுக்குருவி போலவே இருக்கும். தடித்த அலகைப் பார்த்து உறுதி செய்யாமல் பெயர் போடாதே.

கட்டுரையைக் கூட்டின் வரலாற்றிலிருந்து தொடங்காமல், ஒரு கூட்டில் ஒரு காலையில் நடந்ததிலிருந்து தொடங்கு. மற்ற தகவல்கள் கேள்வி எழும் இடத்தில் வரட்டும். 600 சொல்லுக்கு ஒரு பறவை, ஒரு மரம், ஒரு கேள்வி போதும். நீ அனுப்பியதில் கொக்கும் நாரையும் நடுவே வருகின்றன, அந்தப் பத்தியை எடுத்துவிடு.

திருத்தியதோடு குறிப்பேட்டின் இடப்பக்கங்களையும் படமெடுத்து அனுப்பு. பெண் விட்டுப்போன கூடு ஏதாவது இருந்தால் அதன் எண்ணைத் தனியாகக் குறித்து வை.

அன்புடன்,
சுந்தரம்