முதல் தகவல் அறிக்கையில் இடம்பெறாத செல்போன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சாலை விபத்துச் செய்தி இல்லாத நாள் அரிது. ‘எதிர்பாராதவிதமாக மோதியது’, ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’, ‘நிலைதடுமாறி விழுந்தார்’ என்ற மூன்றில் ஒன்று இல்லாமல் அச்செய்திகள் முடிவதும் அரிது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் திருச்சியில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில், அந்தச் சொற்களுக்குப் பின்னால் காணாமல் போகும் ஒரு பொருளைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஓட்டியவரின் கையில் இருந்த செல்போனைத்தான் சொல்கிறேன்.

செய்தியாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவர் பார்த்து எழுதும் முதல் தகவல் அறிக்கையிலும் ‘மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற ஒரே வாசகம்தான் நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை இருந்துவருகிறது. மனிதர் மாறுவார், ஊர் மாறும், வண்டி மாறும். அந்த வரி மட்டும் மாறாது. அதன் பிறகு சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை எல்லாம் வரிசையாகச் சேரும். ஆய்வாளர் பிரேக்கைச் சோதிப்பார், ஸ்டீயரிங்கையும் விளக்கையும் டயரையும் பார்ப்பார், ‘விபத்து இயந்திரக் கோளாறால் நிகழ்ந்ததல்ல’ என்று சான்றளிப்பார். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்றால் வேறு எதில் கோளாறு என்ற கேள்விக்கு அந்த வழக்குக் கோப்பில் பெரும்பாலும் பதில் இருக்காது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2021-ஆம் ஆண்டு, மாலை நேரம், ஒரு கொத்தனார் வேலை முடிந்து மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சரக்கு வேன் மோதி அங்கேயே இறந்தார். நான் அவருடைய மனைவிக்காக ஆஜரானேன். வேன் ஓட்டிய இளைஞர், சூரியன் கண்ணில் அடித்ததாகச் சொன்னார். அந்தச் சாலையில் அவர் போன திசை கிழக்கு. மாலைச் சூரியன் அவருடைய முதுகுக்குப் பின்னால் அல்லவா இருந்திருக்க வேண்டும்! எனினும் குற்றவியல் நீதிமன்றத்தில் நேரில் பார்த்த சாட்சி என்று எவரும் உறுதியாக நிற்காததால், சந்தேகத்தின் பலனை அளித்து அவர் விடுவிக்கப்பட்டார். இழப்பீட்டு வழக்கில் நாங்கள் வென்றோம். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியது.

தீர்ப்பான அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் வேனின் உரிமையாளர் என்னிடம் வந்தார். எங்கள் மனுவில் அவர் முதல் எதிர்மனுதாரர். தம் செல்போனைத் திறந்து, நெடுநாள் அழிக்காமல் வைத்திருந்த வாட்ஸ்அப் உரையாடல் ஒன்றைக் காட்டினார். ‘எங்க இருக்க’ என்று 5.42-க்கு அவர் அனுப்பியிருந்தார். அதன் கீழே இரண்டு நீலக் குறிகள். பதில் இல்லை. “நான்தான் சார் கேட்டேன். பார்த்துட்டான்னு தெரிஞ்சுது. பதில் வரும்னு உட்கார்ந்திருந்தேன்” என்றார். முதல் தகவல் அறிக்கையில் விபத்து நடந்த நேரம் மாலை 5.45 என்று எழுதப்பட்டிருந்தது. செய்தி பார்க்கப்பட்ட நேரத்தை அந்தச் செல்போனிலேயே தொட்டுப் பார்த்திருக்கலாம். விசாரணை முழுவதிலும் அதை ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டுநரின் செல்போன் கைப்பற்றப்படவும் இல்லை. அன்றிரவு காவல் நிலையத்தில் அவர் தம் வீட்டாரை அழைத்துப் பேசியதே அதிலிருந்துதான் என்று பின்னர் அறிந்தேன்.

‘ஒரு பார்வைதானே’ என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். வந்த செய்தியைப் படித்து ‘சரி’ என்று தட்டுவதற்கு நான்கு நொடி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்தை ஓட்டுநர் பார்க்காமலேயே கடந்திருப்பார். பங்குனி, சித்திரையில் சென்னை நெடுஞ்சாலையின் ஓரமாகச் சமயபுரத்துக்கு மஞ்சள் உடுத்தி நடந்து போகிறவர்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த 90 மீட்டரில் ஒரு குடும்பம் முழுவதும் நடந்துகொண்டிருக்கும். பேசுவதைவிடத் தட்டச்சு செய்வது கேடு மிகுந்தது என்பதற்குக் காரணமும் எளிது. பேசும்போது கவனம் போகும். தட்டச்சு செய்யும்போது கவனமும் கண்ணும் ஒரு கையும் ஒருசேரப் போய்விடும். இருசக்கர வண்டியில் அந்த ஒரு கைதான் முன் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் பிடித்திருக்க வேண்டிய கை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ‘அபாயகரமாக ஓட்டுதல்’ என்றே வகைப்படுத்துகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் எதிர்த்திசையில் ஓட்டுவதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறை அல்லது 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஆனால் இந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் எல்லாம் கரைந்துவிடுகிறது. நீதிமன்றம் போகாமல் சாலையோரத்திலேயே இணக்க அபராதமாக 1,000 ரூபாய் கட்டியவுடன் விஷயம் முடிந்துவிடுகிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில் அவர்கள் நினைப்பது சரியாகவும் இருக்கிறது.

உண்மையில் அது அங்கே முடியக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆவது விதியில், ஓட்டுநர் உரிமத்தைப் பறிப்பதற்குரிய செயல்களில் ஒன்றாகக் கைபேசிப் பயன்பாடு இடம்பெற்றுள்ளது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில், 2015 ஆகஸ்டிலேயே இத்தகையோரின் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 184-ஆவது பிரிவில் பிடிபட்டவரின் உரிமத்தை வாங்கி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பும் அதிகாரம் 206-ஆவது பிரிவின் கீழ் காவல் அதிகாரிக்கு உண்டு. ஓட்டுநருக்கு 1,000 ரூபாயைவிட மூன்று மாதம் வண்டியைத் தொட முடியாமல் இருப்பதுதான் உறைக்கும். கேமராவில் பதிந்து அனுப்பப்படும் அபராதச் சீட்டில் இந்த வழி பெரிதும் அடைபட்டுப்போகிறது. கேமரா காட்டுவது வாகன எண்ணை, உரிமமோ ஓட்டியவருடையது.

வழி பார்ப்பதற்காகத்தான் செல்போனைப் பொருத்தியிருக்கிறேன் என்பாரும் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் அதற்கு அனுமதி இருக்கிறது; வழிகாட்டும் பயன்பாட்டுக்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில். கைப்பிடியில் மாட்டிய செல்போனில் வரைபடத்தின் மேல் வந்து விழும் செய்திக்குப் பதில் அளிப்பது இந்த அனுமதிக்குள் வராது. சிக்னலில் நிற்கும்போது பார்க்கலாமே என்பது அடுத்த வாதம். பிரிட்டனில் வண்டி போக்குவரத்தில் நின்றுகொண்டிருந்தாலும் செல்போனைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவது குற்றமே. நம் ஊரிலும் அப்படித்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பச்சை விழுந்த பிறகும் தலை நிமிராமல் இருக்கும் ஒருவரும், அவருக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் ஐம்பது பேரும் எங்கள் திருச்சி பாலக்கரையில் நாள்தோறும் காணக் கிடைக்கிறார்கள்.

உயிர் போய்விட்டால் சட்டம் வேறு முகம் காட்டும். 2024 ஜூலை 1 வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு இருந்தது. அதில் இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் என்பதால் அபராதத்தோடு வெளியே வந்துவிட முடிந்தது. இப்போது அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் அதனுடன் அபராதமும் உண்டு. அபராதம் மட்டும் என்ற வாசல் இல்லை. இளம் ஓட்டுநர்களுக்கு இது இன்னும் தெரியவில்லை. தெரிந்த ஒருசிலரும், கையில் செல்போன் இருந்ததை யார் நிரூபிக்கப் போகிறார்கள் என்று கேட்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தில் என்னால் அவர்களை மறுக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது.

நிரூபிக்க முடியாதது அல்ல அது. யார் யாரை எப்போது அழைத்தார் என்ற அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு 2021 டிசம்பர் முதல் உள்ள நிபந்தனை. வாட்ஸ்அப் செய்தி அந்தப் பதிவில் வராது. அதற்குச் செல்போனையே கைப்பற்ற வேண்டும், அதுவும் செய்தி அழிக்கப்படும் முன்பே. அன்றைக்கே மகஜர் எழுதி, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றும் பெற்றுவிட்டால் நீதிமன்றம் ஏற்கும். சாலையில் போகிற ஒவ்வொருவரின் செல்போனையும் காவலர் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது, அப்படிச் செய்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன். உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த வழக்கில், ஓட்டியவரின் செல்போனை வண்டியைப் போலவே ஒரு சான்றுப் பொருளாகக் கருத வேண்டும் என்பதே என் வாதம்.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. இறந்தவரின் செல்போனைத் தேடுவதற்கு ஆள் உண்டு. ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு போன ஒரு கல்லூரி மாணவர் பேருந்து மோதி இறந்த வழக்கில், எதிர்த்தரப்பினர் அவருடைய அழைப்புப் பதிவை மிகச் சரியாக வரவழைத்து, விபத்தில் இறந்தவர்மீதும் தவறு உண்டு, அதாவது பங்களிப்புக் கவனக்குறைவு என்று வாதிட்டு, இழப்பீட்டில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஒரே மகனை இழந்த அந்தத் தந்தைக்கு அந்தக் கழிவு என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது என் வேலை. பணம் குறைவதென்றால் வந்துசேரும் பதிவு, குற்றவாளியைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஏன் வருவதில்லை?

புள்ளிவிவரத்திலும் இந்த ஓட்டை தெரிகிறது. 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமாக 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில்தான் பதிவாயின. 17,884 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் கைபேசிப் பயன்பாட்டுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆனால் அதில் ஏறுவது நிலையத்தில் எழுதப்பட்டதுதான். நிலையத்தில் ‘அதிவேகம்’ என்று எழுதினால் டெல்லியிலும் அதிவேகம்தான். நான் சொன்ன கொத்தனாரும் அந்த அதிவேகக் கணக்கில்தான் அடங்கியிருப்பார். அந்த வேன் அன்று அப்படியொன்றும் வேகமாக வரவில்லை என்று உரிமையாளரே சொன்னார்.

கண்காணிப்போர் விஷயத்திலும் ஒரு சொல். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் உள்ளவரே இக்குற்றத்தைச் செய்தால் இரு மடங்கு தண்டனை என்று 210-பி பிரிவு சொல்கிறது. சீருடையோடு, தோளுக்கும் காதுக்கும் இடையே செல்போனை இடுக்கியபடி பைக் ஓட்டிப் போகிறவர்களை நானும் பார்க்கிறேன், தாங்களும் பார்க்கிறீர்கள். அந்தப் பிரிவு யார்மீதாவது பாய்ந்ததாக என் காதுக்கு இதுவரை எட்டவில்லை.

வேலை வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஓட்டுநருக்கு ‘எங்க இருக்க’ என்று கேட்கும் முதலாளியும், பத்து நிமிடத்தில் சாப்பாடு வர வேண்டும் என்று எதிர்பார்த்து, வழியிலேயே அடுத்த ஆர்டரைத் திரையில் தள்ளும் நிறுவனமும், ‘கிளம்பிட்டீங்களா’ என்று கேட்கும் வீட்டாரும் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சட்டத்தில் இவர்கள்மேல் குற்றம் இல்லை. அந்த வேன் உரிமையாளர் இப்போது தம் ஓட்டுநர்களுக்குச் செய்தி அனுப்புவதில்லை என்றும், வண்டி சுங்கச்சாவடியில் நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவதாகவும் சொன்னார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. உயிரிழப்புள்ள விபத்துச் செய்தியைத் தங்கள் செய்தியாளர் எழுதும்போது, ‘ஓட்டுநரின் செல்போன் கைப்பற்றப்பட்டதா’ என்று விசாரணை அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். கிடைக்கும் பதிலை, ‘இல்லை’ என்றாலும், அப்படியே அச்சிடுங்கள். ‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல்லுக்கு எடுத்துக்கொள்ளும் அதே இடம் அதற்குப் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.