டாமி ஃபிளவர்ஸ் பெயரைப் பாடத்தில் சேருங்கள்

கணினி அறிவியல் பாடம் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் புத்தகத்தில் ஒரு வரியைப் பார்த்தேன்: எனிக்மாவை உடைக்க ஆலன் டூரிங் கொலோசஸ் கணினியை உருவாக்கினார். ஒரே வரியில் இரண்டு பிழை. எனிக்மா என்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ரகசியச் செய்தி அனுப்பிய இயந்திரம். கொலோசஸ் அதற்காகக் கட்டப்பட்டதே இல்லை. ஹிட்லரின் தலைமையகம் தளபதிகளோடு பேசப் பயன்படுத்திய லோரென்ஸ் என்ற வேறொரு சங்கேதத்தை, அதாவது ரகசிய எழுத்து முறையை, உடைக்கக் கட்டப்பட்டது. கட்டியவர் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தொலைபேசிப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ். இதைச் சொல்லி உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

டூரிங்கின் மேதைமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் லண்டன் பாப்லரில் 1905இல் ஒரு கொத்தனாருக்கு மகனாகப் பிறந்து, வூலிச் ஆயுதச்சாலையில் தொழில் பழகி, மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கியவரின் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதலாமா?

எதிரியின் சங்கேதங்களை உடைத்த பிரிட்டிஷ் ரகசிய மையமான பிளெட்ச்லி பார்க்கில், லோரென்ஸுக்காக முதலில் இருந்த இயந்திரத்தில் இரண்டு காகித நாடாக்கள் ஒரே சீராக ஓட வேண்டும். வேகம் கூடினால் நாடா அறுந்துவிடும். ஒரு நாடாவின் வேலையை வால்வுகளே (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழல்கள்) செய்யட்டும் என்றார் ஃபிளவர்ஸ். ஆயிரத்துக்கும் மேல் வால்வுகளா, எந்நேரமும் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டேதான் இருக்கும் என்று அங்கிருந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். எங்கள் வீட்டு வால்வு ரேடியோவைச் சும்மா சும்மா போட்டு அணைத்தால் அப்பா அதட்டுவார். வால்வு பெரும்பாலும் போவது அப்போதுதான். எக்ஸ்சேஞ்சை யாரும் அணைப்பதில்லை, அதனால் அங்கே வால்வுகள் நீடித்து உழைக்கும். இதை ஃபிளவர்ஸ் வேலையிலேயே கண்டிருந்தார். அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வுக்கூடத்தில் பதினோரு மாதத்தில் கட்டி முடித்தார். 1944 பிப்ரவரியில் நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் கொலோசஸ் வேலையைத் தொடங்கியது. 2,400 வால்வுகளோடு அடுத்தது ஜூன் 1 அன்று ஓடியது. நார்மண்டியில் படைகள் இறங்க அப்போது ஐந்தே நாள்தான் இருந்தது.

போர் முடிந்ததும் வரைபடங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தன் கையாலேயே கொண்டுபோய் கொதிகலன் நெருப்பில் போட்டு, எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரசு கொடுத்த 1,000 பவுண்டு, அவர் சொந்தக் காசிலிருந்து போட்டதற்கே போதவில்லை. அதையும் கூட உழைத்தவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். பிறகு, அதே மாதிரி ஒரு இயந்திரம் கட்ட வங்கியில் கடன் கேட்டார். அப்படி ஒன்று வேலை செய்யவே செய்யாது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கட்டி ஓட்டிக் காட்டியவர் அவர். ரகசிய உறுதிமொழியால் அதைச் சொல்ல முடியாமல் எழுந்து வந்தார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1946இல் எனியாக் என்ற அமெரிக்கக் கணினியை உலகமே கொண்டாடியபோதும் அவர் வாய் திறக்கவில்லை. எழுபதுகள் வரை கொலோசஸ் வெளியுலகுக்குத் தெரியாது. ரகசியம் நீங்கி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

எங்கள் தொழிலில் இது எப்போதும் உள்ளதுதான். அடைமழையில் குழிக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு ஜோடிக் கம்பியாக நிறம் பார்த்து இணைத்த கேபிள் ஜாயின்டர் பெயர் யாருக்குத் தெரியும்? மறுநாள் திறப்பு விழாவில் மேடையில் இருந்தவர்கள் பெயர்தான் கல்வெட்டில் இருக்கிறது. இந்த ஆதங்கத்தை உங்களிடம் கொட்டியது முறையல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம். 'லோரென்ஸ் சங்கேதத்தை உடைக்க உதவிய கொலோசஸை டாமி ஃபிளவர்ஸ் தலைமையிலான தொலைபேசிப் பொறியாளர்கள் கட்டினார்கள்' என்று அச்சிடுங்கள். பேத்தி தன் புத்தகத்தில் பென்சிலால் அப்படித் திருத்தி வைத்திருக்கிறாள். தேர்வில் அதையே எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்கிறாள். அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்காமல், ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்