பொருக்கை மிதிக்காதே

கண்ணா,

"ஒன்றுமே இல்லாத மண்ணைப் பை பையாக அள்ளிக் கட்டுகிறேன் அம்மா" என்று நேற்று ஃபோனில் அலுத்துக்கொண்டாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வயதில் நானும் பாலைவன மண்ணைக் கரைத்து, நுண்ணுயிர் வளர்க்கும் பெட்ரி தட்டில் பூசி, மூன்றாம் நாள் எட்டிப் பார்த்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று நோட்டில் எழுதியவள்தான். கழுவச் சோம்பல்பட்டு மூலையில் போட்டிருந்த தட்டுகளில் மூன்று வாரம் கழித்து ஆரஞ்சும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாய் முளைத்திருந்தன. அந்த வரியை அடித்த கோடு இன்னும் நோட்டில் இருக்கிறது.

நாளை வெயில் ஏறுமுன் ஒரு வேலை செய். வெளிச்சம் ஊடுருவுகிற வெங்கச்சங்கல் கிடந்தால் மெல்லப் புரட்டு. (கையுறை போட்டுக்கொள், தேளும் அங்கேதான் குடியிருக்கும்.) உனக்கு அதிர்ஷ்டம் இருந்தால், மண்ணில் புதைந்திருந்த பக்கத்தில் பாசி பூசினாற்போல ஒரு பச்சை வரி ஓடும். குரோகாக்சிடியாப்சிஸ் போன்ற சயனோபாக்டீரியாக்கள், அதாவது செடிபோல வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள். கல் கடும் வெயிலைத் தடுத்துக் கொஞ்சம் வெளிச்சத்தை மட்டும் விடுகிறது, பனி ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. பார்த்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடு.

செடிகளுக்கு நடுவே மண் கறுத்து, சொரசொரவென்று மேடுபள்ளமாகத் தெரிகிறதா? அதுதான் பொருக்கு, நுண்ணுயிர்கள் மண்ணைப் பிணைத்து உண்டாக்கிய மேலோடு. ஒரு துணுக்கை இடுக்கியால் தூக்கிப் பார்: மணல் கொட்டாமல் மெல்லிய நூல்களில் தொங்கும். மைக்ரோகோலியஸ் என்ற இழை வடிவச் சயனோபாக்டீரியா சுரந்த பசை உறைகள் அவை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளிருக்கும் இழைகள் ஊர்ந்து மேலே வரும், கறுப்பு பச்சையாகும். எனக்கு இன்றைக்கும் சலிக்காத காட்சி. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 12 சதவீதத்தை இப்படிப்பட்ட பொருக்குதான் போர்த்தியிருக்கிறது. உன் பூட்ஸ் மிதித்த இடம் கூடிவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். முன்னால் போனவர் தடத்திலேயே கால் வை.

பாலையில் நுண்ணுயிர் வகைகள் குறைவாகத்தானே இருக்கும் என்று கேட்டாய். 2006-இல் ஃபியரர், ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் வட, தென் அமெரிக்காவின் 98 மண் மாதிரிகளை ஒப்பிட்டார்கள். பாக்டீரியா வகைகள் மழையையோ வெப்பத்தையோவிட மண்ணின் பி.எச். அளவையே (அமில, காரத் தன்மையை) அதிகம் ஒட்டிப்போயின. அமிலமேறிய அமேசான் காட்டு மண்ணைவிட, நடுநிலையான பாலை மண்ணில் வகைகள் கூடுதல்! சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன நடுப்பகுதி போல ஈரமே எட்டாத இடம் என்றால் கதை வேறு.

மண்ணில் கிடைக்கும் டி.என்.ஏ.வை வைத்துப் போடும் எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்காதே. அதில் செத்தவற்றின் மிச்சமும் கலந்திருக்கும்; பலவகை மண்களைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் சராசரியாக 40 சதவீதம். உயிருள்ளதை அறிய நனைத்துப் பார்ப்பதென்றால் அளவோடு நனை. 2017-இல் அட்டகாமாவில் அபூர்வமாகப் பெய்த மழை தேங்கிய குட்டைகளில், வறட்சிக்கே பழகிய உயிர்களில் பெரும்பாலானவை அவ்வளவு தண்ணீரைத் தாங்காமல் மடிந்தன.

கல்லைப் புரட்டினால் ஒரு படம் அனுப்பு. அளவு தெரிய, பக்கத்தில் பேனா மூடியை வைத்து எடு.

அன்புடன்,
அம்மா