கடலைக் கொல்லைக்கு வெள்ளை பல்பு உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நல்ல மழை விழுந்ததும் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கக் கடலைக் கொல்லைகளில் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி மண்ணைவிட்டுக் கிளம்பும். விளக்கால் பூச்சியை இழுத்து, அடியிலுள்ள தண்ணீர்த் தட்டில் விழவைக்கும் விளக்குப் பொறி வைக்க அதுதான் நேரம். புழு இலையில் ஏறியபின் வைத்துப் பயனில்லை.

வெள்ளை எல்இடியில் புற ஊதா ஒளி இல்லை. பூச்சி குறைவாகவே வரும். 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடியோ, கருநீலக் கண்ணாடிக் குழல்விளக்கோ வாங்குங்கள். கிருமியைக் கொல்லப் பயன்படும் புற ஊதாக் குழல்விளக்கு வேண்டவே வேண்டாம்: கண்ணாடி நிறமின்றித் தெளிவாக இருக்கும், கண்ணைக் கெடுக்கும்.

மோட்டார் கொட்டகையிலிருந்து 230 வோல்ட் ஒயரை ஈரக் கொல்லையில் இழுப்பது உயிரோடு விளையாட்டு, அதுவும் கீழே தண்ணீர்த் தட்டை வைத்துக்கொண்டு! 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி 10 வாட் விளக்கை 5 மணி நேரம் தாங்கும். பிளஸ் முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ். பலர் கோட்டைவிடுவது ஒயரில்தான். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 30 மீட்டர் இழுத்தால் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். விளக்கு மினுக்கும், பழி பேட்டரிமேல் விழும். 1.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், அல்லது பேட்டரியை விளக்கடியிலேயே வையுங்கள்.

தட்டுத் தண்ணீரில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். இரவு 11 மணிக்கு அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் விழும்.

இப்படிக்கு,
நிலக்கடலை விவசாயிகள், வேலூர் மாவட்டம்